வார இதழில் பிழைத்தவர்

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் அன்பானவளுக்கு,

நீண்ட யோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவெடுத்தேன்: நம் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இனி வார இதழ் கிடையாது.

உன் அண்ணன் அவராச்சனிடம் வயிற்றில் புற்றுநோய் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே நோயை அந்த இதழில் நான் எழுதும் தொடர்கதையில் வரும் ரப்பர் தோட்டக்காரனுக்குக் கொடுத்தேன். அவர் அதைக் காத்திருக்கும் அறையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டார்.

"எனக்கு வெறும் புண்ணுன்னீங்க. இவனுக்கும் இதே வலிதான். சாவானா மாப்ளே?"

"கதைதானே, அச்சாயா," என்று உன் அண்ணனைச் சமாளித்தேன்.

"கதைதானே? அப்ப பொழைக்க வைங்க, பார்ப்போம்."

இரண்டு நாள் அறைக்குள்ளேயே நடந்தேன். அடுத்த அத்தியாயத்தில் மாதாவின் அருளால் தோட்டக்காரன் கத்தி படாமலே பிழைத்தான். வாசகர் கடிதங்கள் குவிகின்றன.

திங்கட்கிழமை, புண்ணுக்கு என்று சொல்லி, அண்ணனுக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்தோம். அவர் வேளாங்கண்ணிக்கு ரயில் ஏறிவிட்டார்.

உன் கணவன்