ரோஸி என்று ஒருத்தி இல்லை

கண்ணாடியைத் துடைக்காமல் ஒரு வரிகூடப் படிக்காத என் அண்ணாவுக்கு,

துடைத்துக்கொண்டு உட்கார். கடிதம் கொஞ்சம் நீளம், கோபமும் கொஞ்சம் இருக்கிறது. நீ போய் மூன்று வருஷமாக உன்னைப் பூஜையில் நினைத்துக்கொள்வதோடு சரி, எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது. உன் பிள்ளை பாலு உன்னை ஒற்றனாக்கி மேடையில் ஏற்றிவிட்டான்.

சிரிக்காதே, நிஜமாகத்தான். இந்த எல்லைச் சண்டை முடிந்து இன்னும் வருஷம் ஆகவில்லை. பிளாக்-அவுட்டுக்காக ஜன்னலில் ஒட்டின கறுப்புக் காகிதம் பாதி வீடுகளில் இன்னும் உரிக்கப்படவில்லை. அதற்குள் எங்கே பார்த்தாலும் ஒற்றன் மயம். பத்திரிகையைத் திறந்தால் ஒற்றன், ரேடியோவைத் திருகினால் ஒற்றன். மாட்டுங்காவில் நம் சங்கத்து ஹாலில் ஆறு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து, வாரம் ஒரு பாகமாக, சாயங்காலம் ஐந்து மணிக்கு, பாலுவின் ஒற்றன் நாடகம். அதன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

எல்லாம் உன் டிரங்குப் பெட்டியால் வந்த வினை. அடியில் அந்தப் பழைய உலக யுத்த காலத்துப் பாஸ் ஒன்று அவனுக்கு அகப்பட்டதாம். உன் போட்டோ, ஒரு முத்திரை, ரகசியம் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை. ஸ்டோர்ஸ் ஆபீஸில் குமாஸ்தா என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த அப்பா ரகசிய இலாகாவில் இருந்திருக்கிறார் என்று ஒரே குதி. அப்பா அங்கே என்ன செய்தார் என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டானா? பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

முதல் வாரம் நானும் மன்னியும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். திரை தூக்கினதும் நீ வந்தாய். உன் வேஷம் பாலுவேதான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர், வாயில் சிகரெட். பொடிகூடப் போடாத மனுஷனுக்குச் சிகரெட்! அறைக்குள்ளே, விளக்கு வெளிச்சத்தில், எதற்கு அண்ணா கறுப்புக் கண்ணாடி? அதைப் போட்டுக்கொண்டு கண் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொண்டான். ஜனங்கள் அதையும் சண்டைக் காட்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஆறு வாரத்தில் அந்தக் கண்ணாடியை எழுபத்துமூன்று தடவை கழற்றி மாட்டினான். புரோகிராம் தாளின் பின்பக்கம் கோடு கிழித்து எண்ணிவைத்திருக்கிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியுமே.

ரகசியத்தை எப்படிச் சொல்கிறான் தெரியுமா? மேடை நடுவில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, "இது யாருக்கும் தெரியக்கூடாது!" என்று கத்துகிறான். டிஃபன் கேரியரின் மூன்றாவது அடுக்கில் ஒயர்லெஸ். எதிரி நாட்டு ஆட்கள் நாலு பேர். நாலு பேரும் வாசலில் நின்று கடகடவென்று சிரித்துவிட்டுத்தான் கதவையே தட்டுகிறார்கள். இந்தத் தேச ரட்சகர்களில் ஒருத்தராவது ரேஷன் கியூவில் நின்றாரா? குழாயில் தண்ணீர் நின்றுவிடுமே என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாரா? ஒற்றனுக்கு மனைவி என்று ஒருத்தி உண்டு. ஆறு வாரமும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை உன் பிள்ளை.

பெயர் வைத்தது இன்னொருத்திக்கு. ரோஸி, நாட்டியக்காரி. பாங்க்கில் வேலை பார்க்கும் வைத்திதான் அந்த வேஷம் கட்டினான். தலையில் விக், உதட்டில் சாயம். காலையில் சிரைத்த கன்னம் சாயங்காலத்துக்குள் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. அவனுக்குத் தமிழ் படிக்க வராதாம், வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கன்னத்தைத் தடவி, "ரோஸி, உன் கண்ணில்தான் என் தேசமே தெரிகிறது" என்கிறான் பாலு. நம் தேசத்துக்கு வந்த கதியைப் பார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நாலாவது வாரம் ரோஸி கேட்கிறாள், "மறுபடி எப்போது?" பாலு கண்ணாடியைக் கழற்றி, "வியாழக்கிழமை. எப்போதும்போல, வியாழக்கிழமை சாயங்காலம்" என்றான். என் பக்கத்தில் மன்னி விசிறிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றுவிட்டது.

மறுநாள் நான் போனபோது முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ருக்கு, உங்கண்ணாவுக்குத் திவசம் என்னிக்கு?"

"இன்னும் மூணு வாரம் இருக்கே மன்னி. வாத்தியார்கிட்ட சொல்லியாச்சு."

"வாத்தியார் வரட்டும். நான் சமைக்கமாட்டேன். அந்த ரோஸியை வந்து சமைக்கச் சொல்லு."

"மன்னி, அது வைத்தி!"

"இப்போ வைத்தி. அப்போ எவளோ ஒருத்தி இருந்திருக்காளே! இல்லேன்னா பாலுவுக்கு எப்படித் தெரியும் வியாழக்கிழமைன்னு? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே."

பாலுவைப் பிடித்துக் கேட்டேன். "அரே அத்தை, சின்ன வயசுல அம்மா சண்டை போடுவாளே, வியாழக்கிழமையானா எங்கே போறேள்னு. அது காதுல இருந்தது, எழுதிட்டேன். ஸ்டோரிக்கு ஒரு ரொமான்ஸ் வேணாமா? பப்ளிக் பின்னே எதுக்கு வரும்?"

பார்த்தாயா அண்ணா? மன்னியின் சந்தேகத்தை எடுத்துப் பிள்ளை கதையாக்கினான். பிள்ளையின் கதையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள் அம்மா. "நீங்க கத்தினதைத்தான் மன்னி அவன் எழுதியிருக்கான்" என்று எத்தனை தடவை சொன்னேன். "பெட்டியிலே வேற ஏதோ இருந்திருக்கு, எனக்குக் காட்டாம மறைச்சுட்டான்" என்றாள்.

ஆள் வைத்துத் திவசச் சமையல் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது பெரிதில்லை. மனசில் இவ்வளவு கசப்போடு அவள் அன்றைக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், வாத்தியார் சொல்கிற எந்த மந்திரம் உன்னை வந்து சேரும்? எனக்கு அதுதான் பயம். அந்த வியாழக்கிழமை என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிவிட்டது நீ.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மன்னிதான் என்னை அனுப்பினாள். "பின்னாலேயே போய்ப் பாத்துட்டு வா ருக்கு. எங்கேன்னு மட்டும் தெரிஞ்சா போறும்." நிஜமான வேவு அதுதான். கையில் காய்கறிப் பை, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான் வேஷம். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து ரயில் பாலம் தாண்டித் தாராவி வரைக்கும் உன் பின்னால் நடந்தேன். இரண்டு தடவை நீ திரும்பிப் பார்த்தாய். இரண்டு தடவையும் கீரைக்காரியிடம் குனிந்து நின்றேன். உனக்குத் தெரியவில்லை. நீயெல்லாம் ரகசிய இலாகா!

தோல் காயவைக்கிற நாற்றம் அடிக்கிற ஒரு சந்து. முனையில் சின்னப் பிள்ளையார் கோவில். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல் நீ உட்கார்ந்திருக்கிறாய், சுற்றி இருபது முப்பது பேர். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"லெட்டர் கொண்டாந்திருக்கியளா? எழுதணுமா, வாசிக்கணுமா?"

"இல்லை, நான் சும்மா..."

"சும்மான்னா பின்னால போங்கம்மா. ஐயரு வரிசைப்படிதான் பாப்பாரு. முந்துனா ஏசுவாரு."

நீ ஏசுவாயாம்! குழம்பில் உப்பில்லாவிட்டால்கூட வாய் திறக்காதவன்.

கூட்டம் கலைந்தபிறகு என்னைப் பார்த்துவிட்டாய், உட்காரவைத்துச் சொன்னாய். யுத்த காலத்தில் ஜனங்களுடைய கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படிக்கிறதுதான் உன் வேலை. தமிழ்க் கடிதமெல்லாம் உன் மேஜைக்கு வரும். பட்டாளம், கப்பல் என்று எங்கே வந்தாலும் அந்த வரிமேல் கறுப்பு மை பூசவேண்டும். சந்தேகமானால் கடிதத்தையே நிறுத்திவைக்கவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, தாராவியில் இருக்கிற புருஷனுக்கு யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதம் ஒன்று வந்தது. குளத்தங்கரையில் பட்டாளம் கூடாரம் அடித்திருக்கிறது என்று ஒரு வரி. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, உடனே புறப்பட்டு வரவும் என்று அடுத்த வரி. முதல் வரிக்காக நீ அதை நிறுத்திவைத்தாய், பிறகு அந்த வரியில் மை பூசி அனுப்பினாய். கடிதம் தாராவிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. அந்த வருஷமே அவளும் போய்விட்டாள்.

யுத்தம் முடிந்து அந்த ஆபீஸை மூடினபிறகு, விலாசத்தை நினைவு வைத்துக்கொண்டு நீ தேடிப் போனாய். சுடலைமுத்து என்று பெயர். அவருக்குப் படிக்கத் தெரியாது, நீ யாரென்றும் தெரியாது. படித்தவராக இருக்கிறாரே என்று அதே கடிதத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். "ஐயா, நடுவுல கறுப்பா இருக்குல்லா, அதுல அவ என்ன சொல்லியிருக்கான்னு பாருங்க. கடைசியா எழுதுனது. கேட்டவங்க எல்லாரும் தெரியலைங்காங்க."

உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நீ. "மை அழியலை" என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு, அவர் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாய். அடுத்த வியாழக்கிழமை அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் அது வளர்ந்தது.

மன்னியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ அண்ணா ஜெயிலுக்குப் போனவர், ருக்கு. நான் வெள்ளைக்காரனுக்கு லெட்டர் பிரிச்சவன். அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாய். பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை என் உள்ளங்கையால் அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாய். கை சுட்டது. வீட்டுக்கு வந்து, "அண்ணா மாஹிம் பக்கம் ஏதோ பஜனைக்குப் போறான் மன்னி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

கடைசி வாரம் எதிரிகள் ஒற்றனைத் தூணில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஹால் முழுக்க எழுந்து நின்று கை தட்டுகிறது. ரகசியம் காக்கிறவன் பெரிய வீரனாம். அந்த நிமிஷம் எனக்குப் பாலுமேல் வந்த வெறுப்பு உன்மேலும் வந்தது அண்ணா, மறைப்பானேன். உன் ரகசியத்தை நீயா சுமந்தாய்? வாரா வாரம் தாராவியில் போய் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகக் கால் கழுவிக்கொண்டு வந்தாய். ஜன்னலண்டை நின்று நீ வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அவள் சுமந்தாள். சுடலைமுத்துவுக்கும் ஒரு வரி பாக்கி வைத்தாய், மன்னிக்கும் ஒரு வரி பாக்கி வைத்தாய். இரண்டு பேருக்கும் நீ பூசினது ஒரே மைதான்.

மறுநாள் காலையில் ஸ்நானம் பண்ணி, சுவாமி முன்னால் விழுந்து எழுந்து, மன்னியிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். சத்தியத்தை மீறினால் என்ன வரும் என்று தெரியும். வரட்டும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒரு பொம்மனாட்டி இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், ருக்கு. இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவகிட்ட இதைச் சொல்ல முடியலையாமா அவருக்கு?" என்றாள். என் பக்கம் திரும்பி, "உனக்கும்தான்" என்றாள். எனக்கு அது வேண்டியதுதான்.

பாலு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அத்தை, இது ஸ்டேஜுக்கு ஆகாது. ஆக்‌ஷனே இல்லையே" என்றான். பிறகு மெதுவாக, "அந்தக் கறுப்பு மை சீன் மட்டும் வேணா..." என்று ஆரம்பித்தான். மன்னி ஒரு பார்வை பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

"திவசத்துக்கு நான் சமைக்கிறேன்" என்றாள் மன்னி. "ஆனா நீ இதை எழுது. சங்கத்து மலர்ல போடச் சொல்லு. என் ஆத்துக்காரர் ரோஸி பின்னாலே போறதைப் பார்த்துக் கை தட்டினாளே, அத்தனை பேரும் படிக்கட்டும்."

"எதையெல்லாம் விட்டுடலாம் மன்னி? வெள்ளைக்காரன் வேலை, உங்கண்ணா ஜெயிலு..."

"நீயும் ஆரம்பிக்காதே. ஒண்ணையும் விடாதே."

அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், எழுத்துக் கூட்டித் தானாகக் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், திருத்தாதே.

முந்தாநாள் உன் திவசம் நடந்தது. மன்னி மடியாக எல்லாம் செய்தாள். பாகற்காய், பிரண்டைத் துவையல், ஒன்று குறையவில்லை. எள்ளுருண்டை பிடிக்கும்போது மட்டும் உன்னைத் திட்டிக்கொண்டே பிடித்தாள். வாத்தியார் இரண்டு தடவை மந்திரத்தை நிறுத்திவிட்டு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தத் திட்டும் சேர்ந்துதான் உனக்கு வந்திருக்கும். இறங்கிற்றா?

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை மன்னி கையில் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் படித்து முடிக்கிறவரை இருப்பேன். அவள் என்ன கேட்டாலும் சொல்வேன். இனி இந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளையின் ரகசியத்துக்கும் நான் காவல் இருக்கமாட்டேன். இதற்குச் சத்தியம் எதுவும் வேண்டாம், என் வாய்வார்த்தை போதும்.

பிரியத்துக்குக் குறைவில்லாத, மன்னிக்க இன்னும் நாள் கேட்கிற,
உன் தங்கை ருக்மிணி