குச்சி வீடும் பச்சை விரிப்பும்

ஜூன் 4

அன்பு நாத்தனாருக்கு,

உன் பள்ளியின் பின்முற்றம் முடிந்தது. என் இடுப்பும் முடிந்தது.

புயலில் விழுந்த மரத்தைத் துண்டு போட்டு உருட்டி வைத்திருக்கிறேன். மண் குழைக்க ஒரு பள்ளம். வளைத்துக் கட்டிய கிளைகளால் ஒரு குகை. பிள்ளைகளுக்குச் சரியாக இருக்குமா என்று நானே நுழைந்து பார்த்தேன், பாதியில் மாட்டிக்கொண்டேன். உன் அண்ணன்தான் காலைப் பிடித்து இழுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் காலைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. கழுத்துக்குள் மண்புழு ஒன்று இறங்கி, நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவே வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கட்டியதை மாலையில் கலைக்காதே. மறுநாள் வந்து அவர்களே இடிப்பார்கள். இடிப்பதுதான் பாதி விளையாட்டு.

உன் அண்ணி

ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

பெற்றோர் நாள் அமர்க்களமாக நடந்தது! எல்லோர் வாயிலும் உங்கள் முற்றம்தான்.

கொஞ்சம் திருத்தினோம், கோபிக்காதீர்கள். பிள்ளைகள் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருகிறார்கள் என்று அம்மாக்கள் என்னைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். பள்ளத்தை மூடிப் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டோம். கட்டைகளுக்கு வார்னிஷ் அடித்தோம். பிள்ளைகள் கட்டியிருந்த குச்சி வீடு கோணலாக இருந்தது. ஆசிரியைகள் பிரித்து அழகாகக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வெள்ளை உடையில் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோம், அனுப்பியிருக்கிறேன். "குழந்தைங்களே செஞ்சதா!" என்று ஒரே பாராட்டு.

புதிய கிளைப் பள்ளிக்கும் நீங்கள்தான் செய்து தர வேண்டும். உங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 18

நாத்தனாருக்கு,

படத்தைப் பார்த்தேன், குமட்டியது. உன் அண்ணன் என் சமையலில் கோளாறு என்றார். அவருக்கு எதற்கும் அதுதான் காரணம்.

சரி, நேரில் பார்ப்போம் என்று நேற்று வந்தேன். நீ வெளியே போயிருந்தாய். நல்லவேளை, இருந்திருந்தால் நம் குடும்பம் ஊர் வாய்க்குத் தீனியாகியிருக்கும். அந்தப் புல், வெயிலில் காய்ந்த ரப்பர் செருப்பு மாதிரி நாறுகிறது. வார்னிஷ் கட்டையில் உட்கார்ந்தேன். எழுந்தபோது உடையில் பாதி கட்டையோடு நின்றுவிட்டது. அந்த வெட்கக்கேட்டைக்கூட மன்னிப்பேன்.

குச்சி வீட்டருகே ஒரு பொடிசு கையை நீட்டியது. "ஏய், தொடாதே, கலைஞ்சிடும்!" என்று உன் ஆசிரியை ஓடி வந்தாள்.

"எங்க வீடு எங்க மிஸ்?"

"இது அதைவிட அழகா இருக்குல்ல?"

"இதுல யாரு இருக்கா?"

ஆசிரியை அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உன்னிடம் பதில் இருக்கிறதா?

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிட்டது. மண்புழு எனக்கு அருவருப்புதான். ஆனால் கழுவினால் அது போய்விடும். பிள்ளைகள் கட்டியதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அவர்களையே பொம்மைகளாய் நிறுத்திக் கைதட்டு வாங்கினீர்களே, அதை எந்தச் சோப்பு போட்டுக் கழுவுவது? கிளைப் பள்ளிக்கு வேறு ஆளைப் பார். கல்லில் பெயர் வெட்ட நான் இன்னும் சாகவில்லை.

அண்ணி

ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி நடத்திப் பார்த்தால் தெரியும், எத்தனை வாய்க்கு நான் பதில் சொல்கிறேன் என்று.

ஆனால் முற்றத்துக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. எல்லாம் சுவரோரம் குந்திக்கொண்டு நகம் கடிக்கின்றன. பெருக்குகிற அம்மா, "குப்பையே இல்லம்மா, எனக்கு என்ன வேலை?" என்கிறாள். தினமும் ஜன்னலில் அந்தச் சுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, எனக்கே ஓங்கரிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்று காலை விரிப்பைக் கிழித்தேன். அடியில் கறுத்த கொழகொழப்பும் அழுகல் நாற்றமும். மூக்கைப் பொத்திக்கொண்டு நானே வாரிக் கொட்டினேன். மண்ணைக் கொத்திவிட்டுக் குழாயைத் திறந்தேன். அழகான குச்சி வீட்டையும் பிரித்துப் போட்டேன். மாலையில் அம்மாக்கள் வாசலில் காத்திருப்பார்கள், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பிள்ளைகள் வந்தார்கள். எந்தக் குச்சியை எங்கே நட வேண்டும் என்று காட்டப் போனேன். நீங்கள் சொன்ன அந்தப் பொடிசு சேற்றுக் கையால் என் வயிற்றில் அழுத்தி, "நீங்க வெளிய போங்க மிஸ்" என்று தள்ளிவிட்டது. என்னையே!

முற்றத்து வேலிக்கு வெளியே நின்றுதான் எழுதுகிறேன். இருவர் நிற்க இடமிருக்கிறது.

உங்கள் நாத்தனார்