தலைகீழாய் ஒட்டிய சுவர்

மெம்ஃபிஸ்
மார்ச் 4, 1996

என் செல்லத் தம்பி ஹோசியாவுக்கு,

உன் அக்கா ஒசெல்லா மூட்டுவலியும் நானுமாகச் சுகமே இருக்கிறேன். நான் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கென்ன கவலை? அம்மா வீடு இருக்கிறது, அதில் நீ இருக்கிறாய். "ஒனக்கென்னடி, ராணி மாதிரி சொந்த வீட்டுக்குப் போற!" என்று பக்கத்து வீட்டுத் தோழி முர்லீன் பெருமூச்சு விடுகிறாள்.

வரும் பதினாறாம் தேதி சனிக்கிழமை சர்ச் வேனில் முர்லீன், சர்ச் தோழி வில்லோடீன், நான் மூவரும் நம் ஊருக்கு வருகிறோம். புதிதாக ப்ளூஸ் பாட்டுக்கு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்களாமே, அதைப் பார்க்க. நீ டிரக்கைக் கொண்டுவந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போ. ஒரு மணி நேரம் போதும். எத்தனை வருஷமாக ஏதேதோ சாக்குச் சொல்லி என்னை வரவிடாமல் செய்கிறாய்! இந்த முறை விடமாட்டேன்.

வழிபார்த்திருக்கும்,
ஒசெல்லா அக்கா

மார்ச் 9

அன்பான அக்காவுக்கு,

வீடு நன்றாக இருக்கிறது. உன் அறைக்கு நீலம் அடித்துவிட்டேன். வாசல் கூரைக்கும் அதே நீலம்தான், அந்த நிறத்தைக் கண்டால் ஆவி அண்டாது என்பார்களே. ஆனால் ஆறு பெருகி வழியெல்லாம் ஒரே சேறு. டிரக் இறங்கினால் ஏறாது. அந்த அருங்காட்சியகத்தில் என்ன கொட்டிக் கிடக்கிறது? நாம் பட்ட பாட்டைத்தான் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். வேண்டாம் அக்கா, வராதே. வெயில் அடித்துத் தரை காய்ந்ததும் நானே வந்து கூட்டிப் போகிறேன்.

உன்
ஹோசியா

மெம்ஃபிஸ்
மார்ச் 18

ஹோசியா,

நீ சொன்னதைக் கேட்காமல் போனோம். வேனில் ஒரே சிரிப்பு. ப்ளூஸ் என்றாலே சாத்தானின் பாட்டு என்பார் எங்கள் பாதிரியார்.

"பாதிரியார் கேட்டா என்னடி சொல்லுவ?" என்றாள் முர்லீன்.

"சாத்தான் வீட்டு வாசல் வரைக்கும் போனோம், உள்ள கூப்பிட்டான், மரியாதைக்காக நுழைஞ்சோம்னு சொல்லுவேன்" என்றாள் வில்லோடீன்.

கடைசி அறையில் ஒரு பலகைச் சுவர் தனியாக நின்றது. அதில் துடைப்பத்தைக் கட்டும் கம்பியை மீட்டி வாசிப்பதற்காக இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் மூக்குப்பொடி பாட்டிலைச் செருகியிருந்தார்கள். "எங்கண்ணனும் இப்படித்தான், வீட்டையே கிடாரா ஆக்கி எங்க உயிரை வாங்குவான்" என்றாள் முர்லீன். நானும் சிரித்தேன். நம் டெல்டாப் பக்கம் எந்த ஏழை வீட்டில்தான் அப்படிச் சுவர் இல்லை?

பிறகுதான் குளிருக்காகச் சுவரில் மாவுப்பசை தடவி ஒட்டியிருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். எல்லாத் தாளும் தலைகீழ். எழுத்துத் தெரியாத நம் அம்மா ஒட்டியது. கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டு நான் உனக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்த அதே தாள்கள். அது நம் வீட்டுச் சுவர், தம்பி.

காவலாளியிடம் கேட்டேன். "இதைக் குடுத்த பெரியவர் தெனமும் வந்து முன்னாடி உக்காந்திருப்பாரும்மா. கூரை விழுந்து வீடே போச்சாம், மிஞ்சினது இதுதானாம். பாவம், பின்பக்கம் டிரக்லதான் படுக்கை" என்றார்.

தோழிகளை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். உன் டிரக் நின்றது. ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டிருந்தாய். தட்டினேன். "ஹோசியா, நான்தான்டா" என்றேன். உள்ளே நீ மூச்சை அடக்கினாய். உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான், உன் மூச்சு எனக்குத் தெரியாதா? வேன் ஹாரன் அடிக்கும் வரை நின்றேன். தலைவலி என்று தோழிகளிடம் பொய் சொல்லி, வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

நீல அறை எங்கே, ஹோசியா? நான் எங்கே போவேன்? ஒரே ஒரு தடவை உள்ளதை எழுது.

ஒசெல்லா

மார்ச் 23

அக்கா,

எங்கும் நீலம் அடிக்கவில்லை. உன்னை எங்கே உட்காரவைப்பேன் என்ற வெட்கத்தில் செத்துக்கொண்டுதான் மூச்சை அடக்கினேன். வீடு இருக்கிறது என்று எழுதும்போதெல்லாம் எனக்கும் ஒரு வீடு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இங்கே உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். மழை வந்தால் ஸ்டியரிங் பக்கம் ஒழுகும். அந்தப் பக்கம் நான் இருந்துகொள்கிறேன். உனக்கும் வேறு இடமில்லை என்றால் வா.

ஜன்னலில் இருந்த துண்டை எடுத்துவிட்டேன்.

ஹோசியா