ஊர் சுற்றும் கல்யாணப் படம்

மரக்காணம்,
12.3.2006

ஷாகிரா அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் பிள்ளை ஷாகிராவும் நலம். போன மூன்று கடிதத்திலும் இதைத்தான் எழுதினேன்; ஒன்றுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை.

சுனாமித் தண்ணீரில் ஊறிப்போன நம் கல்யாணப் படத்தைக் கண்காட்சிக்கென்று சென்னையிலிருந்து ஒரு மியூசியத்தார் வாங்கிப் போனார்கள். மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னவர்கள், ஒரு வருஷமாகப் பெங்களூர், டெல்லி என்று மியூசியம் மியூசியமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து கல்கத்தாவாம்! ஷாகிராவுக்கு உங்களைக் காட்ட வீட்டில் வேறு படம் ஏது?

பொறுக்க முடியாமல் நேற்று பஸ் ஏறிச் சென்னை மியூசியத்துக்கே போய்க் கத்தினேன். படத்தைக் கொடுத்தபோது நான் எழுதிக் கொடுத்த பாரத்தைக் கிளார்க் எடுத்துப் போட்டார். ரேஷன் கார்டில் எழுதுகிற பழக்கத்தில், படத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதித் தொலைத்திருக்கிறேன்.

“ஓனர் கையெழுத்து போட்டாத்தான் திருப்பித் தருவோம்மா.”

“அவரு துபாய்ல இருக்காருங்க. அந்தப் படத்துல பக்கத்துல நிக்கிறது நான்தாங்க.”

கண்காட்சிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். உங்கள் முகம் பளிச்சென்று இருக்கிறது. என் முகத்தைத்தான் உப்பு தின்றிருக்கிறது.

“அவரு கையெழுத்து வாங்கியாங்க. ஆளு இல்லைன்னா டெத் சர்டிபிகேட் கொண்டாங்க” என்றார்.

நீங்கள் கையெழுத்துப் போட அவர் கொடுத்த பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்புங்கள். படம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று அந்த ஆளிடம் நான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
படத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பவள்