ஷிரோக்கோ கொடுத்த சூடு

இன்று மதியம் கோயில் வளவில் ஒரு கலியாணச் சமையல். பெரிய கிடாரத்தில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மங்கத் தொடங்கியது. காஸ் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. "காஸ் முடிஞ்சுது, மற்றதைக் கொண்டுவாங்கோ" என்று ஒருவர் சத்தம் போட்டார். "முடியேல்லை அண்ணை, குளிர்ந்துபோச்சு. நெருப்பைக் குறைச்சு விடுங்கோ, திரும்ப எரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் வாயால் வந்த உன் பேச்சு, தோழி.

உள்ளே இருக்கும் திரவம் காஸாக மாறச் சூடு வேண்டும். அதைச் சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் விறைத்துப் படுத்துவிடும். இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாம் இருவரும் இருந்த அறையில், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே நீ இதைச் சொன்னாய். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலையில் இருவருமே மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் பணக்காரச் சீமாட்டிகளின், சிஞ்ஞோராக்களின், வீடுகளைத் துடைப்போம். மத்தியானம் எனக்கு இன்னொரு வீடு, உனக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடம். பேராதனையில் பொறியியல் படித்துவிட்டு வந்து, விளக்குமாறு பிடித்த கையோடு முனைவர் பட்டத்துக்கு இடம் பிடித்தவள் நீ. எனக்கு அப்போதே தலைகால் புரியாத பெருமை.

உன் ஆய்வு கடலடியில் கிடக்கும் எரிபனி பற்றியது. "தண்ணியும் காஸும் சேர்ந்து ஐஸ் மாதிரி உறைஞ்சு கிடக்குதடி. நெருப்பு வைச்சால் எரியும்" என்றாய். என்னைப் பேய்க்காட்டுகிறாய் என்று நினைத்தேன். எரிபனி கரைந்தால் காஸ் வெளியே வரும். கரைக்கும் சூட்டை அதனிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் உன் கேள்வி. உருக்கு உருளை ஒன்றில் மணலை இறுக்கி, அதற்குள் எரிபனியை உண்டாக்கி, ஒரு பக்கத்தால் சுடுநீர் விடுவாய். அந்தக் கோடையில் காஸ் அள்ளுகொள்ளையாக வந்தது. பேராசிரியர் உன்னைக் காணுமிடமெல்லாம் "பிராவா!" என்றார். மாரியில் எரிவாயுக் கம்பனிக்காரர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துக் காசு தந்தால் ஆய்வு தொடரும், இல்லாவிட்டால் அத்தோடு சரி.

மாரியும் வந்தது. அதே உருளை, அதே மணல், அதே சுடுநீர். காஸ் பாதிகூட வரவில்லை. குழாயை மாற்றினாய், மணலை மாற்றினாய், சோறு தண்ணி இல்லாமல் திரிந்தாய். ஒரு ஞாயிறு பூசை முடிந்து துறைமுகப் பக்கம் நடந்தபோது திடீரென்று நின்று என் கையைப் பிடித்தாய்.

"எடியே, கோடையில ஷிரோக்கோ அடிச்சதெல்லோ?"

"ஓம், அறைக்குள்ள இருக்கேலாமல் நான் மொட்டைமாடியில போய்ப் படுத்தனான்."

"அந்த வெக்கைதான் உருளையின்ரை மூடியால உள்ளுக்குப் போயிருக்கு. அதுதான் கரைச்சது. என்ரை சுடுதண்ணி சும்மா மணலைச் சூடாக்கினதுதான் மிச்சம்."

ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்த அனல்காற்று வீசினால் இத்தாலியர் ஆய்வுகூடத்தை எட்டியும் பார்க்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நீ அதைப் பொருட்டாகவே எடுக்காமல் தனியே வேலை செய்திருக்கிறாய். வேறொருத்தி என்றால் அன்றைக்கே புழுங்குகிறது என்று முறையிட்டிருப்பாள், விஷயமும் பிடிபட்டிருக்கும்.

பேராசிரியர் கெட்டவர் அல்லர். கோடையில் வந்ததை மட்டும் காட்டு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். நானும் "பேசாமல் இரன், ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "நாளைக்கு இதை நம்பிக் கடலுக்குள்ள சுடுதண்ணி விடுவாங்கள். அங்கை, கடலுக்கு அடியில, ஷிரோக்கோ அடிக்குமே?"

கம்பனிக்காரர் வந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கடைசி வரிசையில் இருந்தேன். காஸ் வந்த அளவைக் காட்டும் கோடுகள் இரண்டையும், கோடையில் வந்ததையும் மாரியில் வந்ததையும், ஒன்றாகத் திரையில் போட்டாய். "இந்தக் காஸைக் கொண்டுவந்தது என் சுடுநீர் அல்ல, உங்கள் ஷிரோக்கோ" என்று இத்தாலிய மொழியில் சொன்னாய். மண்டபம் சிரித்தது. நீ பகிடி விடவில்லை என்று விளங்கியதும் சிரிப்பு நின்றது. பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ நிறுத்தவில்லை. சூட்டின் பெரும்பங்கு மணலுக்கும் உருக்குக்கும் போன கதையைப் பிட்டுப்பிட்டு வைத்தாய். அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, சுற்றியுள்ள மண்ணின் சூடு வந்து சேரப் பொறுத்திருப்பதே வழி என்று முடித்தாய். உன் குரல் நடுங்கவே இல்லை.

கம்பனிக்காரர் கைகொடுத்துவிட்டுப் போனார்கள், பிறகு ஒரு பதிலும் இல்லை. ஆய்வு அத்தோடு நின்றது. நீ மத்தியானத்துக்கும் துடைக்க ஒரு வீடு பிடித்துக்கொண்டாய். கவலை இல்லையா என்று கேட்டேன். "கவலை இல்லாமலே? அழுதனான்தான். ஆனா திரும்பக் கேட்டாலும் ரெண்டு கோட்டையும்தான் போடுவன்" என்றாய். உன்னைவிடத் துணிந்த ஒருத்தியை நான் இன்றுவரை காணவில்லை.

போன மாரியில் நீ கண்ணை மூடிவிட்டாய். நான் இப்போது புதிதாக வரும் எங்கள் ஆட்களோடு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போய், வதிவிட அனுமதிக்காக அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கதைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன், பிழையைப் பிழை என்கிறேன். அந்தப் பொலிஸ்காரர்களுக்கு முன்னால் எப்படியக்கா பயமில்லாமல் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்தத் துணிவின் சூடு என்னுடையதல்ல, ஒருத்தியிடமிருந்து வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.