மறுபடியும் ஒரு ஃப்ரெட் இல்லாத கிடார்

என்னங்க,

கூப்பிட்டு ரெண்டு வருஷமாகிறது. "இதோ வந்துட்டேன்" என்று பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் உங்களை வேறெப்படிக் கூப்பிட எனக்கு வராது.

ஒரு கிடார் வாங்கிவிட்டேன். பேஸ் கிடார்தான். கோபப்படாதீர்கள், இதுவும் ஃப்ரெட் இல்லாதது. அந்தப் பேச்சை எடுத்தாலே நம் வீட்டில் சாப்பாடு தொண்டையில் இறங்காதே, இத்தனை வருஷம் கழித்து நானே எடுக்கிறேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது மெத்தை, சைக்கிள், மின் அடுப்பு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்களே, காப்பிக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டி. அப்படி ஒரு சீட்டில் இந்தக் கிடாரின் போட்டோவைப் பார்த்தேன். விற்றவர் இத்தாலிக்காரர், தாத்தா. முழங்கால் போய்விட்டதாம், இனி மகளோடுதான் இருக்கப்போகிறாராம். கிடார் என்னைவிட ரெண்டு வயது மூத்தது. வார்னிஷ் எல்லாம் வெடித்து, கை படும் இடத்தில் மரம் வெளுத்திருக்கிறது. மீட்டிக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே மேலே இழுத்தார். மனுஷக் குரல் மாதிரி இருந்தது. கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற நான், அவர் சொன்ன விலைக்கு மறு பேச்சு பேசாமல் எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து பௌர்ணமி. ஒரு ஆட்டோவும் வரவில்லை. கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வேங்கிக்கால் வரைக்கும் நடந்தேன். ஊரெல்லாம் மலையைச் சுற்ற எதிரே வந்துகொண்டிருக்கிறது, புருஷன் பெண்டாட்டி பிள்ளை குட்டி என்று. நான் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில். ஒரு அம்மா நிறுத்தி, "இன்னாம்மா, வீணையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பேஸ் கிடாரில் விரல் வைக்கும் பலகை மேல் குறுக்கே சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். அதுதான் ஃப்ரெட். அது இருந்தால் விரல் கொஞ்சம் முன்னே பின்னே பட்டாலும் சுருதி சரியாக நிற்கும். ஃப்ரெட் இல்லாத கிடாரில் பலகை வழவழவென்று இருக்கும், சுரத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அப்படி ஒன்றில் வாசிக்க நான் ஏங்கிக் கிடந்து, வேலூரில் கலைந்துபோன ஒரு ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து வாங்கி வந்தேன். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

நீங்கள் கதவு ஜன்னல் செய்கிறவர். நான் ஆபீஸ் போன நேரத்தில் பலகையைத் தடவிப் பார்த்திருக்கிறீர்கள். பெண்டாட்டியை எவனோ ஏமாற்றி, ஃப்ரெட்டைப் பிடுங்கிக்கொண்டு வெறும் கட்டையைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மனசு கஷ்டப்படுவாளே என்று, எங்கெங்கோ விசாரித்து ஃப்ரெட் கம்பி வாங்கி, என் பழைய கிடாரிலிருந்து அளவெடுத்து, பட்டறையில் உட்கார்ந்து இருபதையும் பதித்து முடித்து எனக்குப் போன் செய்தீர்கள். "விஜி, ஒரு எட்டு பட்டறைக்கு வந்துட்டு போயேன்."

வந்தேன். சேகர், முருகன், பெரியவர் மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் சந்தோஷப்படுவதைப் பார்க்க. நான் கத்தின கத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "கட்ட அறுக்கறவனுக்கு சங்கீதம் இன்னா தெரியும்? நாசம் பண்ணிட்டியே!" அதுவரை உங்களை நான் ஒருமையில் பேசியதே இல்லை.

"விட்டுப்போனத போட்டுக் குடுக்கறேன்னு நெனச்சேன், விஜி." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அதை ஒரு தடவைகூட நான் வாசிக்கவில்லை. செங்கத்திலிருந்து, கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிக்கிற ஏழுமலை வந்தபோது, "கெட்டுப்போனது, எடுத்துட்டுப் போங்க" என்று உங்கள் காதுபடவே சொன்னேன். நீங்கள்தான் அதைச் சாக்கில் சுற்றி அவர் வண்டியில் கட்டிக்கொடுத்தீர்கள். அதற்கப்புறம் என் கச்சேரிக்கு என்னைக் கொண்டுவந்து விடுவீர்கள், ஆனால் மண்டபத்துக்குள் வரமாட்டீர்கள். வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். உள்ளே வாங்க என்று நான் ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை? அப்படி என்ன திமிர் எனக்கு?

சரி, இந்தக் கிடார் கதைக்கு வருகிறேன். முதல் வாரம் மகா கண்றாவி. கீழ் வீட்டுப் பெண் படியேறி வந்தாள். "அக்கா, மோட்டர் போட்டுட்டு மறந்துட்டீங்களா? சத்தம் வந்துனே இருக்குது."

"மோட்டர் இல்லமா, நான்தான்" என்றேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

ஒரு மாதம் போன பிறகு ஒரு சாயங்காலம் விரல் தானாகப் போய்ச் சரியான இடத்தில் நின்றது. அங்கிருந்து இழுத்தேன், அடுத்த சுரத்திலும் பிசகாமல் நின்றது. மரம் அதிர்வது வயிற்றில் தெரிந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! "கேட்டீங்களா?" என்று திரும்பினேன். ஃப்ரிட்ஜ்தான் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அரிசி மணி அளவு நகர்ந்தால் சுரம் கெட்டுவிடுகிறது. ஒரு சுரத்தைப் பிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஸா எது, பா எது என்று தெரியாத நீங்கள் வெறும் ஸ்கேலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு இருபது இடம் குறித்தீர்களே, அது சரியாக இருந்ததா? நான் பார்க்கவே இல்லையே. ரெண்டு நாள் அதே நினைப்பு. மூன்றாம் நாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அந்தக் கிடாரை வைத்திருக்கிறீர்களா, விற்றுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அத போயி விப்பனாக்கா? இன்னிக்கும் கச்சேரிக்கு அதான். சுருதி சுத்தமா நிக்கும். ஒரு இடத்துல கம்மி ஜாஸ்தி கெடையாது. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், அந்த ஃப்ரெட் போட்டது யாருக்கா? இங்க இன்னொரு கிடார்ல ஃப்ரெட் தேஞ்சி கெடக்குது. அவரு நம்பர் இருந்தா குடுங்களேன்."

உங்கள் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை.

"அக்கா, லைன்ல கீறீங்களா?"

"கீறேன். அது எங்க வீட்டுக்காரரு போட்டது. அவரு இப்ப இல்லீங்க."

"தெரியாம கேட்டுட்டேன்க்கா" என்றார். அப்புறம், "பெரிய வேலக்காரரு" என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த எத்தனையோ காலையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. இப்போது யாரிடம் சொல்கிறேன் என்றே தெரியவில்லை.

பட்டறையை சேகர்தான் பார்த்துக்கொள்கிறான். முருகனும் பெரியவரும் இன்னும் அங்கேதான். நாளைக்குக் காலையில் போகிறேன். மூன்று பேரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கு எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அவ்வளவு சத்தமாக, ஏழுமலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். தெரு எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

பெரிய வேலைக்காரரின் பெண்டாட்டி,
விஜி