கொம்மா சொன்ன ஹஸ் கோன்

டண்டினொங்
12.7.78

அன்பு மகள் கமலினிக்கு,

பிள்ளையாரின்ர காவலில இஞ்ச நானும் கொம்மாவும் கொண்ணனும் நல்லாயிருக்கிறம், அங்க நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணும். வழக்கமாக் கடிதம் எழுதுறது கொம்மா, இது அவவுக்குத் தெரியாமல் நான் எழுத்துக்கூட்டி எழுதுறது, நீ இங்கிலிஷ் ரீச்சர் எண்டபடியால் பிழையைப் பாத்துச் சிரிக்காமல் வாசி.

கொண்ணன் தாய் தேப்பன் எங்கள் ரெண்டு பேரையும் ஒரு சேர்ச் மண்டபத்தில இங்கிலிஷ் படிக்க விட்டிருக்கிறான், கிழமையில ரெண்டு நாள். நான் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன், கொம்மா அஞ்சாம் வகுப்பு, அந்த எடுப்பு அவவுக்கு. அங்க தேத்தண்ணி தருவினம், தேத்தண்ணி எண்டால் சுடுதண்ணிக்குள்ள ஒரு கடதாசிப் பையை நூலில கட்டி விடுகினம், முதல்நாள் நான் பையைக் கிழிச்சுத் தூளைக் கொட்டிப்போட்டன், அது வேற கதை. கொஸ்ரா எண்டு ஒரு கிரேக்கன் எங்களோட படிக்கிறான், பெண்சாதி செத்த மனிசன், முறுக்கின மீசை, என்னிலும் உயரம். கொம்மா ஒரு வசனம் சொன்னால் காணும், கை தட்டுவான். ஒருநாள் ரீச்சர் மட்டையில ஒவ்வொரு சொல்லா எழுதி ஆளுக்கொண்டு தந்து வரிசையா நிக்கச் சொன்னா. கிரேக்கன் ஐ, கொம்மா டிரிங்க், நான் ரீ. நான் தேத்தண்ணி குடிக்கிறன் எண்டுதானே நாங்கள் கதைக்கிறது, அப்ப தேத்தண்ணி நடுவில, நான் போய் அவை ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டன். ரீச்சர் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக் கடைசியில விட்டிட்டா, இங்கிலிஷில அப்பிடித்தானாம். பெண்சாதியை இன்னொருத்தனுக்குப் பக்கத்தில நிப்பாட்டிப்போட்டுப் புருசனைத் தள்ளி விடுறதும் ஒரு பாஷையோ, நீயே சொல்லு.

அதுக்குப் பிறகு முழங்கால் நோகுது எண்டு சொல்லி நான் போகேல்லை, வகுப்பு நாளில சந்தையில நடந்து திரிஞ்சன். கொம்மா தனியப் போய் ஹாவ், ஹஸ் எண்டு புதுசாப் படிச்சுக்கொண்டு வந்தா, முடிஞ்சுபோன வேலைக்கு அதைச் சேர்க்க வேணுமாம், ஐ ஹாவ் ஈற்றன் எண்டால் நான் சாப்பிட்டிட்டன். சட்டி கழுவேக்கையும் அதுதான் பாட்டு. அந்தக் கிழமை அவவுக்குத் தடிமன், கண்ணும் மூக்கும் ஒழுகுது. எங்க உன்ர புருசன் எண்டு கிரேக்கன் கேட்டிருக்கிறான், இவ சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கொண்டு மை ஹஸ்பன்ட் ஹஸ் கோன் எண்டு வடிவாச் சொல்லியிருக்கிறா, மார்க்கற்றுக்கு எண்டு சொல்லமுன்னம் தும்மல் வந்திட்டுதாம்.

அடுத்தநாள் மத்தியானம் ஆரோ கதவு தட்டினது, நான்தான் திறந்தன். கறுத்தக் கோட்டோட கிரேக்கன், கையில ஒரு தட்டு, அவிச்ச கோதுமைக்கு மேல சீனி. அது அவையின்ர செத்தவீட்டுச் சாப்பாடாம். என்னைக் கண்டவுடன சிலுவை போட்டுக்கொண்டு பின்னுக்குப் போய்ப் படியில தடக்கினான், நான் பிடிச்சிருக்காட்டில் விழுந்திருப்பான். கொம்மா குசினியிலயிருந்து வந்து விசயம் விளங்கினாப் பிறகு சிரிச்ச சிரிப்பை நீ பாத்திருக்க வேணும். என்ர செத்தவீட்டுச் சாப்பாட்டை நானே ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன், சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி. அவன் கதிரையில இருந்து ரெண்டு விரலை மேசையில நடக்கவிட்டுக் காட்டினான், போய்த் திரும்பி வந்தால் ஹஸ் பீன், வராட்டில் ஹஸ் கோன். பிறகு மை வைஃப் எண்டு சொல்லி விரலை மேசை விளிம்புக்கு அங்கால விட்டான், திருப்பி எடுக்கேல்லை. பாவம் மனிசன். எண்டாலும் எரிச்சல் போகேல்லை பிள்ளை, உன்னட்டப் பொய் ஏன் சொல்லுவான். நான் திரும்ப வகுப்புக்குப் போறன், அவன் இப்பவும் கை தட்டுறான், இந்த வயசில உங்களுக்கென்ன விசரோ எண்டு கொம்மா கேக்கிறா.

நேற்று வகுப்பு முடிய கொம்மா அவனுக்குக் குட்பை எண்டு சொன்னா, நல்ல சிரிப்போட. இண்டைக்குக் காலமை நான் முத்திரை வாங்க இறங்கேக்க எனக்குப் போட்டு வாங்கோ எண்டு சொன்னா, போய்த் திரும்பி வரச்சொல்லி. அதுக்கு இங்கிலிஷில சொல்லே இல்லையாம், நான் கொண்ணனிட்டக் கேட்டு வைச்சிட்டன். அதை அந்தக் கிரேக்கனுக்கு அவ எந்தக் காலத்திலயும் சொல்ல ஏலாது.

நீயும் மருமகனும் நூறு வருசம் ஒண்டா இருக்க வேணும், அந்தாள் வெளிக்கிடேக்க நீயும் வாசலுக்கு வந்து சொல்லி அனுப்பு. ஹஸ் பீன் போட்டு எனக்குப் பத்து வசனம் எழுதி, கொண்ணன்ர பேருக்கு அனுப்பு, மறந்திடாதை, என்ர பேருக்குப் போட்டால் கொம்மா உடைச்சு முந்திப் பாடமாக்கிப்போடுவா.

எங்கயும் போகாமல் இஞ்சயே இருக்கிற,
உன்ர அப்பா
ஆனந்தராஜா